சமையல் பக்கத்தில் இல்லாத சாப்பாடு: மலையகத்தில் பத்திரிகை நறுக்குகளைச் சேர்ப்பதும் காப்பதும்

இலங்கை மலையகத் தோட்ட மக்களின் சாப்பாட்டைப் பற்றிப் பத்திரிகை நறுக்குச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது ஞாயிறு பத்திரிகையின் சமையல் பகுதியில்தான். அங்கே கேக்கும் புடிங்கும் நெய்ச்சோறும் கிடைக்கும். பெரட்டுக்கு (காலையில் தோட்டத்தில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகுமுன் அவசரமாகச் சுட்டெடுக்கும் கோதுமை மா ரொட்டியும், கட்டச்சம்பல் என்ற மிளகாய்ச் சம்பலும், பாலில்லாத சாயத் தேத்தண்ணியும் அரிதாகவே தென்படும். அன்றாடம் சாப்பிடுவதற்குச் செய்முறை எழுத யாருக்கும் தோன்றாது. சமையல் பகுதியை மட்டும் பத்து வருடம் வெட்டிச் சேர்த்தவரிடம், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) என்ன சமைத்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

பதில் வேறு பக்கங்களில் இருக்கிறது. சம்பளப் பேச்சுவார்த்தைச் செய்தி, கோதுமை மா விலையேற்றம், தோட்ட நிர்வாகம் கொடுக்கும் தீபாவளி முற்பணம் தாமதமானது பற்றிய வாசகர் கடிதம், போசாக்கு அறிக்கை, காலாவதியான பொருள் விற்ற கடைக்கு நீதிமன்றம் விதித்த தண்டம், கேட்டரிங் விளம்பரம் என்று அது சிதறிக் கிடக்கிறது. மலையகத்தில் உணவு, பண்பாடு, சமூக மாற்றம் மூன்றையும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்தால் சேகரிப்பு முடமாகிவிடும். மூன்றும் ஒரே செய்திக்குள் பின்னிக் கிடப்பவை.

2021, 2022ஆம் ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம், அடிப்படை 900 ரூபாவும் வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100 ரூபாவுமாக, 1,000 ரூபாவானது. மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் லீக்ஸ், கரட், கோவா விளைச்சல் அடிபட்டது. தேயிலைக் கொழுந்தும் குறைந்தது. நவம்பரில் தடை நீங்கினாலும் உரம் வந்து சேரவில்லை, வந்த உரத்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2022இல் டொலர் தட்டுப்பாடு முற்றி, செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. நாட்சம்பளம் 1,350 ரூபாவானது 2024 செப்டம்பரில்தான். இந்த வரிசையில் ஒரு செய்திகூட சமையல் செய்தி அல்ல. ஆனால் ஒரு குடும்பம் தேங்காயை நிறுத்திப் பருப்பைத் தண்ணீராக்கி, ரொட்டிக்குச் சம்பலின் அளவைக் குறைத்ததற்கான காரணம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. சம்பளச் செய்தியை ‘தொழிற்சங்கம்’ என்றும், உரத்தை ‘விவசாயம்’ என்றும், விலையைப் ‘பொருளாதாரம்’ என்றும் மூன்று கோப்பில் போட்டுவிட்டால் அந்தத் தொடர்பை அடுத்த தலைமுறை கண்டுபிடிக்காது.

பண்பாட்டுச் செய்திகளுக்கு நாட்காட்டி துணை செய்யும். தை மாதம் பொங்கல் சிறப்பிதழ். மாசியில் மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்தும், மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகப் பஞ்சரத பவனியும். ஆடியில் கதிர்காமம். ஐப்பசியில் தீபாவளி முற்பணம். இந்த நாட்களுக்கு முன்னும் பின்னும் இரண்டு வார இதழ்களை விடாமல் பார்த்தால் பாதி வேலை முடியும். திருவிழாக் கட்டுரையை வெட்டும்போது அதே பக்கத்து அன்னதான அறிவித்தலையும், உபயகாரர் பட்டியலையும் சேர்த்தே எடுக்க வேண்டும். யார் செலவில் எது சமைக்கப்பட்டது என்பது கட்டுரையில் இருக்காது, அந்தப் பட்டியலில் இருக்கும்.

எந்தப் பத்திரிகை, எந்தக் காலம்

1924இல் கோ. நடேசய்யர் தொடங்கிய தேசபக்தன் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினைகளை அச்சில் பேசியது. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் வந்தன. 1960களில் வீரகேசரியின் ‘தோட்ட மஞ்சரி’ பகுதி மலையகத்தவர்களே எழுதும் இடமானது. தினக்குரல் 1997இல் தொடங்கியது. வாரமஞ்சரி, வாரவெளியீடு போன்ற ஞாயிறு இதழ்களோடு, மலையகத்துக்கென்றே வரும் சூரியகாந்தி போன்ற வார இதழையும் சேர்த்துக்கொண்டால் இன்றைய காலத்துக்குப் போதும்.

பழைய இதழைப் படிக்கும்போது அச்சான சூழலையும் அறிந்திருக்க வேண்டும். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி நிலவியது. மாவும் அரிசியும் பங்கீட்டில் சுருங்கின. மரவள்ளிக்கிழங்கும் கீரையும் சாப்பாடாகின. ஆனால் 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியோடு வந்த, பத்திரிகைத் தணிக்கைக்கு இடமளித்த அவசரகாலச் சட்டம் 1977 தொடக்கம் வரை நீடித்தது. தினகரனை வெளியிடும் லேக் ஹவுஸ் நிறுவனம் 1973இல் அரசின் கைக்குப் போனது. ஆகவே அந்த ஆண்டுகளின் பத்திரிகையில் பட்டினிச் செய்தி குறைவாக இருப்பதால், பட்டினி குறைவாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அக்காலத்து நறுக்குகளோடு நாடாளுமன்ற உரை, தொழிற்சங்க அறிக்கை, வயதானவர்களின் வாய்மொழி ஆகியவற்றையும் ஒரே உறையில் வைப்பதே நேர்மையான சேகரிப்பு.

2022 மார்ச்சில் பத்திரிகைக் கடதாசித் தட்டுப்பாட்டால் கொழும்பில் சில பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சையே நிறுத்தின. அந்த மாதங்களில் வராத இதழைத் தேடி அலையாமல் இருக்க, ‘இதழ் அச்சாகவில்லை’ என்று பட்டியலில் எழுதி வைப்பது நல்லது. கிடைக்காத இதழும் வராத இதழும் ஒன்றல்ல.

வெட்டுவதற்கு முன்

பத்திரிகை வாங்குவது பெரிய செலவில்லாமல் நடக்கக்கூடியது. டவுன் சலூனிலும் தேத்தண்ணிக் கடையிலும் ஒரு வாரம் கிடந்தபின் அவை கிலோ கணக்கில் சுற்றும் கடதாசியாகப் போகின்றன. அதற்கு முன்னரே சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார்கள். பிரதேச சபை நூலகங்கள் குறிப்பிட்ட காலத்தின் பின் பழைய இதழ்களைக் கழிக்கும். நூலகரிடம் எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுத்துவைத்தால், கழிக்கும்போது கூப்பிடுவார்.

கத்தரிக்கோலை எடுக்குமுன் பக்கம் முழுவதையும் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். செய்தி பக்கத்தின் மூலையில் சிறிதாக வந்ததா, தலைப்பாக வந்ததா, பக்கத்தில் என்ன விளம்பரம் இருந்தது என்பதெல்லாம் வெட்டியபின் தொலைந்துபோகும் தகவல்கள். தோட்டப் பிள்ளைகளின் போசாக்கின்மைச் செய்திக்குக் கீழே பால்மா விளம்பரம் வந்திருந்தால், அந்தச் சேர்க்கையே பின்னால் வருபவருக்கு ஒரு சான்று.

அடுத்தது பென்சில். பேனை மை ஈரத்தில் பரவும், போல்பொயின்ட் அழுத்தம் நறுக்கின் மறுபக்கத்தில் விழும். 2பி பென்சிலால் ஓரத்தில் பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம், பதிப்பு நான்கையும் எழுதியபின்தான் வெட்ட வேண்டும். பதிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே நாளில் ஒரே பத்திரிகை பிரதேசத்துக்குப் பிரதேசம் சில பக்கங்களை மாற்றி அச்சிடும். கொழும்புப் பிரதியில் இல்லாத பொகவந்தலாவைச் செய்தி ஹட்டனில் விற்ற பிரதியில் இருக்கலாம். பதிப்பு குறிக்காவிட்டால், பின்னாளில் சரிபார்க்கிறவர் ‘அப்படி ஒரு செய்தியே வரவில்லை’ என்று முடிவுகட்டுவார்.

எழுத்தைச் சுற்றி ஒரு சென்டிமீற்றர் விட்டு வெட்ட வேண்டும். கடதாசி முதலில் நொறுங்குவது ஓரத்தில்தான். ‘தொடர்ச்சி 14ஆம் பக்கம்’ என்று இருந்தால் இரண்டு துண்டையும் ஒரே உறையில் போட்டு, இரண்டிலும் தனித்தனியாகத் திகதி எழுத வேண்டும். பின்பக்கத்தில் இன்னொரு நல்ல கட்டுரை இருந்தால் வெட்டவே கூடாது. முழுத்தாளாக வைத்துவிடலாம், அல்லது இரண்டாம் பிரதி வாங்கலாம்.

செய்தியில் வரும் எண்களுக்கும் ஒரு குறிப்பு வேண்டும். தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்ற எண் பல கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அது 2016 குடித்தொகை சுகாதார ஆய்வின் எண். அப்போது தேசிய அளவு 17.3 வீதம். அதே எண்ணை ஆய்வின் ஆண்டு சொல்லாமல், இன்றைய நிலவரம்போல அச்சிட்ட கட்டுரைகளும் உண்டு. நறுக்கின் உறையில் ‘எண் 2016 ஆய்வுக்குரியது’ என்று எழுதிவிட்டால் குழப்பம் அங்கேயே நின்றுவிடும்.

ஈரம்தான் முதல் எதிரி

பத்திரிகைக் கடதாசி மரத்தை அரைத்துச் செய்யப்படுவது. மரத்திலுள்ள லிக்னின் அதில் அப்படியே தங்குகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் மஞ்சளாகி அமிலத்தை உண்டாக்கும். அமிலம் நாரை அறுக்கும். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். இது எந்த ஊருக்கும் பொது. மலைநாட்டுக்கே உரிய தொல்லை பூஞ்சணம். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்தில் மே தொடங்கிச் செப்டம்பர் வரை அதைவிடக் குறைந்த நாள் கிடைப்பதே அரிது.

லயக் காம்பிராவில் (அறையில்) பெட்டி வைக்கும் இடத்தை யோசித்துத் தெரிவுசெய்ய வேண்டும். தகரக் கூரையின் கீழ்ப்பக்கத்தில் இரவில் நீர் முத்துமுத்தாகப் பிடித்து விடியற்காலையில் சொட்டும், ஆகவே அலுமாரியின் மேல்தட்டு ஆகாது. மண்ணைச் சாய்த்துக் கட்டிய பின்சுவர் எப்போதும் கசியும், அதையொட்டி வைக்கக் கூடாது. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) சாரல் அடிக்கும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் காய்ந்தே இருக்கும் என்று பலர் வைக்கிறார்கள். காய்வது உண்மைதான், ஆனால் விறகுப் புகையின் கரியும் அமிலமும் கடதாசியில் படிந்து சில வருடங்களிலேயே பழுப்பாக்கி நொறுக்கிவிடும். இரண்டு காம்பிராவுக்கும் நடுவிலுள்ள உட்சுவரோடு, தரையிலிருந்து ஒரு அடி உயரப் பலகையில், சுவரில் முட்டாமல் நான்கு விரல் விட்டு வைப்பதே சரி.

மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி நல்லதுதான், ஆனால் எப்போது மூடுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. கடதாசி தன் எடையில் எட்டு, பத்து வீதம் நீரைத் தானே வைத்திருக்கும். அடைமழை நாளில் நிரப்பி இறுக்கி மூடினால் அந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே பூஞ்சணத்தை வளர்க்கும். மேற்குச் சரிவிலுள்ளவர்கள் சனவரியிலிருந்து மார்ச் வரை வரும் வெயில் நாட்களில் பெட்டியைத் திறந்து, நிழலில் காற்றோட விட்டு, மாலைப் பனி இறங்குமுன் மூடிவிட வேண்டும். ஊவா மாகாணத்தின் பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் கணக்கு மாறும். அங்கே மழை வடகீழ்ப் பருவத்தோடு வருவதால், கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரைதான் காயவைக்கும் காலம். ஒரே மலையகம் என்று எண்ணி ஒரே மாதத்தைச் சொல்லிக் கொடுப்பதால் ஊவாவில் பல நல்ல சேகரிப்புகள் கெடுகின்றன.

பெட்டிக்குள் ஒரு சிறிய ஈரப்பதன் மானி வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை. 65ஐத் தாண்டினால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்ற வேண்டும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபோல்ட் உப்பு இருக்கிறது. அதைச் சமையல் சட்டியில் வறுத்துப் புதுப்பிக்கக் கூடாது. செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குவது பாதுகாப்பு. உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் துணிப் பொட்டலத்தில் வைக்கலாம். பச்சை இலை வைப்பது ஈரத்தை நாமே கொண்டுபோய் வைப்பதாகும்.

ஒட்டுவது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சேகரிப்புகள் சீ.ஆர். கொப்பி என்ற தடித்த அட்டைக் கொப்பியில் கோதுமை மாப் பசையால் ஒட்டியவை. மலைநாட்டு ஈரத்தில் மாப்பசை பூஞ்சணத்துக்கும் கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தீனி. செலோ டேப் இன்னும் மோசம். அதன் பசை சில வருடங்களில் கடதாசிக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டையாக நின்றுவிடும், பிறகு எதனாலும் எடுக்க முடியாது. ஸ்டேப்ளர் கம்பியும் கிளிப்பும் ஒரு மழைக்காலத்திலேயே துருவேறும். லெமினேட் செய்தால் அமிலத்தையும் ஈரத்தையும் உள்ளே வைத்துத் தைத்ததுபோல் ஆகும். ஒட்டாமல், மடிக்காமல், ஏ4 அல்லது ஏ3 வெள்ளைக் கடதாசியை இரண்டாக மடித்து அதற்குள் நறுக்கை நேராக வைத்து, அடுக்கிப் படுக்கையாக வைப்பதே சிறந்தது. அந்த வெள்ளைக் கடதாசி அமிலமற்றதாக இருந்தால் இன்னும் நல்லது. சாதாரணப் போட்டோகொப்பிக் கடதாசிகூட இன்று பெரும்பாலும் காரத்தன்மை உள்ளதுதான். பிளாஸ்டிக் உறை வேண்டுமானால் பொலிப்ரொப்பிலீன் என்று குறித்ததை வாங்க வேண்டும். பீவீசீ உறையில் அச்சு மை ஒட்டிக்கொண்டு வரும்.

பூஞ்சணம் வந்துவிட்டால் துடைக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் அது கடதாசிக்குள் தேய்ந்து நிரந்தரக் கறையாகும். மற்ற நறுக்குகளிலிருந்து பிரித்து, நிழலில் மின்விசிறிக் காற்று நேரே படாமல் உலரவிட்டு, தூளான பிறகு முகக்கவசத்தோடு வெளியில் வைத்து மென்தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். பூச்சி விழுந்த கட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றெடுத்துக் கட்டி, ஆழ்குளிரூட்டியில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்கக் கூடாது. உடனே திறந்தால் குளிர்ந்த கடதாசியில் நீர் படியும்.

படமெடுத்தல், பட்டியலிடல்

எவ்வளவு காத்தாலும் பத்திரிகைக் கடதாசிக்கு ஆயுள் குறைவு. அதனால் வெட்டிய மாதத்திலேயே ஸ்கேன் செய்துவிடுவது நல்லது. 300 டிபிஐ குறைந்தபட்சம். எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) மூலம் தேடக்கூடியதாக்க வேண்டுமானால் 400. மறுபக்க எழுத்து ஊடாகத் தெரிந்தால் நறுக்கின் பின்னால் ஒரு கறுப்புக் கடதாசி வைத்தால் மறையும். போனில் எடுப்பவர்கள் ஃபிளாஷை அணைத்து, சன்னலோர நிழல் வெளிச்சத்தில், போனைப் பக்கத்துக்குச் சமாந்தரமாகப் பிடிக்க வேண்டும்.

தமிழ் எழுத்துணரிகள் பழைய எழுத்து வடிவங்களில் தடுமாறும். பழைய ‘ணா’, ‘றா’, ‘னை’, ‘லை’ வருமிடங்களில் பிழை நிறைய வரும். ரகரமும் துணைக்காலும் இடம் மாறும். மின்னிதழ் பீடிஎப்பில் வேறொரு சிக்கல்: இலங்கைத் தமிழ் அச்சகங்கள் நெடுங்காலமாக யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவைப் பயன்படுத்துவதால், அதிலிருந்து பிரதி செய்து ஒட்டினால் புரியாத குறிகள் வரும். யுனிகோட்டுக்கு மாற்றிய பிறகே அதைச் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் தேடலில் அகப்படாது. இணையச் சுட்டியை மட்டும் குறித்து வைப்பது சேகரிப்பு ஆகாது. பத்திரிகைத் தளங்கள் வடிவம் மாறும்போது பழைய சுட்டிகள் செத்துவிடுகின்றன. பக்கத்தைப் பீடிஎப்பாக இறக்கி வைக்க வேண்டும்.

கோப்பின் பெயர் ஆண்டில் தொடங்கினால் தானே வரிசையாகும்: 2024-09-15_வீரகேசரி_ப08_கோதுமைமா என்பதுபோல. பட்டியலுக்கு ஒரு எக்ஸெல் தாள் போதும். எண், திகதி, பத்திரிகை, பதிப்பு, பக்கம், தலைப்பு, எழுதியவர், இடம், பொருள், கோப்புப் பெயர், எந்தப் பெட்டி. பொருள் என்ற கட்டத்தில் ஒன்றுக்கு மேல் எழுத இடம்விட வேண்டும். தீபாவளி முற்பணச் செய்திக்கு ‘சம்பளம், பண்டிகை, உணவு’ மூன்றும் வேண்டும். நறுக்கைப் பெட்டியில் திகதிப்படி அடுக்கி, பொருளைப் பட்டியலில் தேடுவதே நிலைக்கும் முறை.

ஊர்ப்பெயரில் ஓர் எழுத்துமுறையை முடிவுசெய்து அதிலேயே நிற்க வேண்டும். ஹட்டன் என்றும் அட்டன் என்றும் மாறி மாறிப் பதிந்தால் தேடும்போது பாதி வராது. தோட்டங்களுக்குப் பதிவுப் பெயர் ஒன்றும் மக்கள் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும். செய்தி ஒன்றைச் சொல்லும், வாசகர் கடிதம் மற்றதைச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய தனித்தாள் ஒன்று பட்டியலோடு இருந்தாக வேண்டும். அந்தத் தாளை அந்தந்தத் தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டு இப்போதே நிரப்பிவிட வேண்டும். பல தமிழ்ப் பெயர்கள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன.

பொதுவில் வைப்பதும் ஒப்படைப்பதும்

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அன்றாடச் செய்திக்குப் பதிப்புரிமை இல்லை. கட்டுரை, கதை, படம் ஆகியவற்றுக்கு உண்டு. எழுதியவர் காலமாகி 70 ஆண்டு வரை அது நீடிக்கும். வீட்டில் சேர்த்து வைப்பதில் சிக்கல் எதுவும் இல்லை. ஸ்கேனை எல்லோரும் பார்க்கப் பொதுவில் வைப்பதற்குப் பத்திரிகை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பட்டியலை மட்டும் வெளியிட அது தேவையில்லை, ஆய்வாளருக்கு முதலில் வேண்டியதும் அந்தப் பட்டியல்தான். போசாக்கின்மை, மதுப் பிரச்சினை போன்ற செய்திகளில் பெயரோடு வரும் பிள்ளைகளின் நறுக்குகளை வெளியிடாமல் வைத்திருப்பதே முறை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 வரையான நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. ஆகவே மூன்று இடம் வேண்டும்: தாள் வீட்டில் அல்லது பாடசாலையில், ஸ்கேன் ஒரு வன்தட்டில், இன்னொரு பிரதி வேறு ஊரில் இருப்பவரிடம். கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் முழு இதழ்களைத் தேடிச் சரிபார்க்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து இதழ்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. கையிலுள்ளது அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லாததை முதலில் ஸ்கேன் செய்தால் உழைப்பு வீணாகாது.

ஒப்படைக்கும்போது பெட்டியின் மேலேயே ஒரு தாள் இருக்க வேண்டும். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்தப் பத்திரிகைகள், எவற்றை வேண்டுமென்றே விட்டோம், எந்த மாதங்கள் கிடைக்கவில்லை, பட்டியல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பவை அதில் எழுதியிருக்க வேண்டும். சேகரித்தவர் இல்லாத காலத்தில் பெட்டியைத் திறக்கும் நூலகர் அதை வைத்துக்கொள்வதா கழிப்பதா என்று முடிவெடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான்.